பதினேழு படி

தபால்காரிக்கு வழி தப்பாது என்று அவள் வேலை பார்க்கும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வட்டாரத்தில் கடிதம் கொடுக்கிறவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நாய் சும்மா குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், எந்த மாடிப்படியில் மூன்றாவது கல் ஆடும், எல்லாம் அத்துப்படி.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது மேலதிகாரிக்குத் தெரியாது. பார்வை மங்கியவர்களும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் "நீயே படிச்சுச் சொல்லிடும்மா" என்று உறையை நீட்டினால், வாசலில் நின்றே படித்துக் காட்டுவாள். படிக்கும்போது கசப்பை மட்டும் வடிகட்டிவிடுவாள். "இந்த வருஷம் வர முடியாது, எதிர்பார்க்க வேண்டாம்" என்று மகன் எழுதியிருந்தால், "அடுத்த வருஷம் எப்படியும் வந்துடுவானாம்" என்பாள். கேட்கிற முகம் மலரும். அதைப் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போனாள். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் பொய் பொய்தானே!

அவளுடைய அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயசு. சின்ன வயசிலேயே மாலைக்கண். வளர வளரப் பகலும் சுருங்கிக்கொண்டே வந்து, ஏழு வருஷத்துக்கு முன்னால் கடைசி வெளிச்சமும் போய்விட்டது. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உதவித்தொகைக்கு மனுப் போட்டால், பிறந்த தேதி ஒரு தாளில் ஒன்றும் இன்னொரு தாளில் வேறொன்றுமாக இருக்கிறது, பிறந்த ஊரில் பதிவேட்டைப் பார்த்து நகல் வாங்கி வா என்று விரட்டிவிட்டார்கள். சரி என்று அண்ணனும் தங்கையும் ஒரு நாள் விடியற்காலை பஸ் ஏறினார்கள். ஐந்து மணி நேரப் பயணம்.

பிறந்த ஊரை விட்டு வந்து முப்பத்தாறு வருஷம். அப்போது அண்ணனுக்கு இருபத்திரண்டு, அவளுக்குப் பதினாறு. அண்ணன் கண்ணாரப் பார்த்த ஊர் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு குடிபோன இடமெல்லாம் அவனுக்குப் பாதி நிழல், பாதி ஊகம். அதனால் பஸ்ஸில் வரும்போதே அவன் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"குண்டூசியப் பார்க்கணும், வாலு. மொதல் வேலை அதுதான்" என்றான்.

வாலு என்பது தபால்காரிக்குச் சின்ன வயசில் வைத்த பெயர். குண்டூசி என்பது அண்ணனின் உயிர்ச் சிநேகிதன். ஆள் அவ்வளவு ஒல்லி. தியேட்டர் சந்து முடியும் இடத்தில் பதினேழு படி இறங்கினால் கால்வாய்க் கரையில் ஒரு வரிசைக் கடைகள். அதில் முதல் கடை அவனுடைய சைக்கிள் கடை. இவர்கள் ஊரை விட்டு வந்த பிறகும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவான். ஏழு வருஷமாக ஒன்றும் வரவில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு நேர்லயே கேட்டுடறேன். ஏழு வருஷமா ஒரு வரி போட முடியாதா ஒரு மனுஷனுக்கு?"

தபால்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், கண் டாக்டர் "இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கையை விரித்த அதே வாரத்தில், அண்ணன் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. குண்டூசியின் மனைவி எழுதியது. மாரடைப்பாம், தூக்கத்திலேயே போய்விட்டானாம். தபால்காரி கட்டுகளைப் பிரிக்கும்போது அவள் கையிலேயே கிடைத்தது. அண்ணன் சுவரைப் பார்த்தபடி சாப்பிடாமல் கிடந்த நாள்கள் அவை. இப்போது வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டாள். அந்தப் பிறகு வரவேயில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கொண்டுபோய்ச் சேர்க்காத கடிதம் அது ஒன்றுதான்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினாள். நகலை வாங்கியதும், ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, மெதுவாக.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் செய்த முதல் காரியம் கைத்தடியை மடித்ததுதான்.

"இந்தா, உன் பையில போடு. நம்ம தெருவுல நடக்க எனக்கு எதுக்குக் குச்சி?"

"விழுந்து வெச்சீன்னா நான் தூக்க மாட்டேன்."

"நீ தூக்கினதெல்லாம் போதும். சின்ன வயசுல என்னை விழ வெச்சதே நீதானே!"

அது நிஜம். அந்தி சாய்ந்தால் அண்ணனுக்குத் தெரு தெரியாது. எங்கிருந்து எங்கே எத்தனை எட்டு என்று எண்ணி மனப்பாடம் செய்து வைத்திருப்பான். எண்ணிக்கொண்டே வரும்போது இவள் பின்னாலிருந்து "அண்ணே, குழி!" என்று கத்துவாள். அவன் அப்படியே உறைந்து நிற்பான். இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கொழுப்புதான், வேறென்ன?

பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணிக்கூண்டு இருந்த இடத்தில் மேம்பாலத்தின் கால் ஒன்று நின்றது. கடைத்தெருவின் இரண்டு பக்கமும் வானம் முட்டக் கண்ணாடிக் கட்டடங்கள். ஓட்டுக் கூரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது, கண் தெரிகிறவளுக்கு!

அண்ணன் மூக்கை நிமிர்த்தி மோப்பம் பிடித்தான். "மணிக்கூண்டு ஓடுதா?"

அந்த முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயசு முகம் அப்படியே பரீட்சைத் தாளுக்குக் கை நீட்டும் பையன் முகமாக இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நின்னு போச்சுண்ணே. நாலே காலுல நிக்குது."

"அது அப்பவே சோம்பேறி" என்று சிரித்தான் அண்ணன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குக் காவலாக ஒன்பது பொய் சொல்ல வேண்டும். பேப்பர் கடை? இருக்கு. மருந்துக் கடை? இருக்கு, பச்சை பெயின்ட் அடிச்சிருக்காங்க. லாண்டரி? இருக்கு, ஆனா வேற ஆள். அவன் எட்டு எண்ணிக்கொண்டே நடந்தான். தெருக்கள் மட்டும் பழைய கோட்டிலேயே ஓடின, அதனால் அவன் கணக்கு ஒரு இடத்திலும் பிசகவில்லை. "இங்க திரும்பணும்" என்று அவன் சொன்ன இடத்தில் திருப்பம் இருந்தது. அவள் பழைய தெருவை ஒரு சாமான் விடாமல் நினைவிலிருந்து எடுத்து அவன் முன்னால் அடுக்கிக்கொண்டே வந்தாள். அந்த மும்முரத்தில் புதுத் தெருவை அவள் பார்க்கவேயில்லை.

தியேட்டர் முனை வந்தது. தியேட்டர் இல்லை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு தகரத் தடுப்பு, அதன் மேல் வரப்போகும் கோபுரக் கட்டடத்தின் படம். லாரி போய்வர ஒரு வாசல் திறந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு காவலாளி நாற்காலியில். வாசல் வழியாகத் தபால்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

சந்து இருந்த பக்கம் கொஞ்ச தூரத்துக்கு மண் தரை. அப்புறம் பூமியே இல்லை. நாலு மாடி வீட்டை இறக்கி வைக்கிற ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். அடியில் மஞ்சள் தண்ணீர், அதிலிருந்து இரும்புக் கம்பிகள் நட்ட நட்டமாக நின்றன. பதினேழு படி, கால்வாய்க் கரை, கடை வரிசை எல்லாம் அந்தப் பள்ளத்தில் போயிருந்தன. இயந்திரங்கள் காதைப் பிளந்தன.

"என்ன சத்தம்?"

"ரோடு போடறாங்க."

"சந்து அப்படியே இருக்கா?"

"இருக்கு."

"படி?"

"பதினேழும் இருக்கு."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குண்டூசி கடை தொறந்திருக்கா, பாரு."

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கக் கூடாதா? பாழும் வாய்! "தொறந்திருக்கு. கடை முன்னாடி ஒருத்தர் உக்காந்திருக்கார். நீலச் சட்டை."

"ஒல்லியா?"

"ஒல்லிதான்."

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தான். ஆபீஸை மூடிவிடுவார்கள், ரோடு வேலை வேறு நடக்கிறது, முதலில் நகல், பிறகு சிநேகிதன் என்று கெஞ்சி, அதட்டி, நாலு கட்டடம் தள்ளியிருந்த நகராட்சி அலுவலகத்துக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. கன்னம் வீங்கி, கைக்குட்டையால் தாடையைக் கட்டியிருந்த ஓர் ஆள் பக்கத்தில் அண்ணனை உட்கார வைத்தாள். "எங்கயும் எந்திரிச்சுப் போயிடாதே" என்று அவனிடமும், "கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று அந்த ஆளிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

பதிவேட்டு அறை மாடியில். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன், ஆனால் ஒரு பக்கத்தைத் திருப்புவதற்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் கழித்து அண்ணன் பெயர் அகப்பட்டது. நீல மசியில், யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். நகலை எழுதி முத்திரை குத்தி வாங்கும்வரை தபால்காரி மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணே, ஒரு விஷயம், கோபப்படாம கேளு. இல்லை, அப்படி ஆரம்பித்தால் பயந்துவிடுவான். அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.

கீழே வந்தாள். பெஞ்சில் கன்னம் வீங்கிய ஆள் மட்டும் இருந்தார்.

"இங்க இருந்தவர் எங்க?"

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் பேசினார். "சிநேகிதரப் பார்க்கப் போறாராம். நீங்க பின்னாடி வருவீங்களாம். வழி தெரியும்னாரு."

"கண்ணு தெரியாதவருங்க அவரு!"

"நானும் சொன்னேன்மா. இது என் ஊரு, நான் நடக்கறதுக்கு எனக்குக் கண்ணு வேணாம்னு சிரிச்சாரு. ரோடு வேலை சத்தம் நின்னுடுச்சு, இனி பயமில்லைன்னாரு."

அப்போதுதான் அவளுக்கும் காதில் விழுந்தது. அதாவது, ஒன்றும் விழவில்லை. இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. மணி பன்னிரண்டு நாற்பது. சாப்பாட்டு நேரம்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். இல்ல, பத்தோ."

பையில் கை விட்டாள். மடித்த கைத்தடி கையில் தட்டுப்பட்டது.

ஓடினாள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் கால் நின்றுவிட்டது. இடமா, வலமா? எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே கண்ணாடி. ஒரு கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடம் தெரிகிறது, அதற்குள் இவளே நிற்கிறாள், தலைவிரி கோலமாக. அந்தத் தகரத் தடுப்பு எங்கே? காலையில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம்? வழி தப்பாத தபால்காரிக்கு வழி தப்பிவிட்டது. பார்த்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்கும்? வாய்தான் பழைய தெருவை ஒப்பித்துக்கொண்டு வந்ததே தவிர, கண் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை.

வலப்பக்கம் ஓடினாள். தெரு முடிந்து மேம்பாலம் வந்தது. தப்பு. திரும்பி ஓடி வந்தாள். எதிரே ஒரு பெண், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு.

"பாப்பா, பழைய தியேட்டர் எங்க இருக்கு?"

"தியேட்டரா? அதோ அந்த மால்ல, நாலாவது மாடி."

"அது இல்லம்மா, இடிச்சாங்களே, அந்தத் தியேட்டர்!"

அந்தப் பெண் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அவள் பிறப்பதற்கு முன்னால் இருந்த தியேட்டரை அவள் எங்கே கண்டாள், பாவம்.

தபால்காரிக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. தெரு நடுவில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கார்க்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும். நகராட்சி அலுவலகம் அன்றைக்கும் இதே இடம்தான். அங்கே வேலை பார்த்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன வழி. வாசலில் இறங்கினால் வெயில் எந்தக் கன்னத்தில் அடிக்கும்? மத்தியானத்தில் இடது கன்னம். இப்போது வலது கன்னம் சுட்டது. அப்படியானால் பின்வாசல் வழியாக வந்திருக்கிறோம்!

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயசு, முழங்கால் தேய்ந்த வயசு, செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. ஓடும்போதே மனசு கணக்குப் போட்டது. தியேட்டர் சுவர் முனையிலிருந்து முதல் படிவரை நூற்றுப் பன்னிரண்டு எட்டு. அண்ணன் நூற்றுப் பத்தில்தான் நடையைத் தளர்த்துவான், காலால் படியின் விளிம்பைத் தடவுவான். அதுவரை கையை வீசிக்கொண்டு தைரியமாக நடப்பான். பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது? காலையில் பார்த்தாளே, நூறுகூட வராது. நிச்சயமாக வராது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவளுடையது அரை நாள்கூடத் தாங்கவில்லை.

தகரத் தடுப்பு தெரிந்தது. லாரி வாசல் திறந்தே கிடந்தது. காவலாளியின் நாற்காலியில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது, ஆளைக் காணோம். உள்ளே ஒரு குருவிகூட இல்லை. பொக்லைன்கள் கையைத் தரையில் ஊன்றி நின்றன. அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் கேட்டது, ரொம்ப நிம்மதியான குரல்.

"எண்பத்தெட்டு. எண்பத்தொம்போது. தொண்ணூறு."

அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். சட்டையை இழுத்துவிட்டு, தலையைப் படிய வாரி, விருந்துக்குப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து நடந்தான். அவனுக்கு முன்னால் நாலைந்து எட்டு மண். அதற்கப்பால் வெறும் வெளிச்சம்.

"அண்ணே!"

கத்திக்கொண்டே ஓடினாள். வழியில் கிடந்த கம்பிக் கட்டு காலைத் தட்டியது. குப்புற விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. "அண்ணே, நில்லு! அங்கயே நில்லு!"

அண்ணன் நின்றான். முகத்தைத் தோளுக்கு மேல் திருப்பிச் சிரித்தான். "வந்துட்டியா? கரெக்ட்டா வந்துட்ட. தொண்ணூத்திரண்டு. இன்னும் இருபது எட்டுதான்."

"அண்ணே, முன்னாடி பள்ளம்! போகாதே! பெரிய பள்ளம்ணே!"

அவன் ஒரு கணம் உறைந்தான். அப்புறம் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "அடியே வாலு! அம்பத்திரண்டு வயசாச்சு, இன்னும் அந்த விளையாட்ட விடலியா நீ?"

"விளையாட்டு இல்லண்ணே, சத்தியமா! படியே இல்ல, எல்லாத்தையும் தோண்டிட்டாங்க!"

"காலைல நீதானே சொன்ன, பதினேழும் இருக்குன்னு? போடி போக்கிரி. அப்பல்லாம் இருட்டுக்குப் பயந்தேன். இப்ப என்னை அசைக்க முடியாது. பாரு, எப்படி இறங்கறேன்னு." கையை உயர்த்திக் காட்டிவிட்டு முன்னால் திரும்பினான். "தொண்ணூத்திமூணு."

"அண்ணே, பொய் சொன்னேன்ணே! காலைல சொன்னது பூரா பொய்!"

"இதுதான் பொய். தொண்ணூத்திநாலு."

எதைச் சொன்னாலும் இனி இவன் நம்பப் போவதில்லை. மணிக்கூண்டு இல்லை என்றால் சிரிப்பான். தியேட்டர் இல்லை என்றால் சிரிப்பான். விளையாட்டுக்குக்கூட அவள் சொல்லாத ஒன்று, எந்தத் தங்கையும் எந்த அண்ணனிடமும் விளையாட்டாகச் சொல்ல முடியாத ஒன்று, அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மெதுவாக, மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்ல நினைத்தது.

"குண்டூசி செத்துட்டாண்ணே!"

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"ஏழு வருஷமாச்சு! அவன் பொண்டாட்டி லெட்டர் போட்டாங்க. நான்தான் உன்கிட்ட குடுக்கல. மாரடைப்புண்ணே. தூக்கத்துலயே."

அண்ணன் காலைப் பின்னால் இழுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். அவன் செருப்பு நுனியிலிருந்து ஒரு மண்கட்டி உடைந்து உருண்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ரொம்பக் கீழே, தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவனும் கேட்டான்.

"அசையாதே. நான் வரேன். அப்படியே உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அவள் முழங்காலாலும் கையாலும் தவழ்ந்தே போய், பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்து, பத்து எட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டாள். இருவரும் மண்ணில் கிடந்தார்கள். அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது, ஓவென்று.

"நீலச் சட்டைன்னியே" என்றான் அண்ணன்.

அவள் கிழிந்த உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒல்லின்னியே. ஒல்லியான்னு கேட்டேன். ஒல்லிதான்னியே, வாலு."

"உன் முகத்தைப் பார்த்தேண்ணே. சொல்ல வாய் வரல."

"அவன் மேல ஏழு வருஷமா கோபமா இருந்தேன்டீ நான். செத்தவன் மேல."

காவலாளி கை ஈரம் காயாமல் ஓடி வந்தார். யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று கத்த ஆரம்பித்தவர், அண்ணனின் கண்ணையும் பள்ளத்து விளிம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார். போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் தம்ளரைப் பிடித்தான், குடிக்கவில்லை.

"என்னெல்லாம் இல்லை?" என்று கேட்டான்.

"என்னது?"

"காலைலேர்ந்து இருக்கு இருக்குன்னு சொன்னியே. எதெல்லாம் இல்லை?"

அவள் சொன்னாள். இந்தத் தடவை எதையும் வடிகட்டவில்லை. மணிக்கூண்டு இல்லை. பேப்பர் கடை இல்லை. மருந்துக் கடை இல்லை. லாண்டரி இல்லை. தியேட்டர் இல்லை. கால்வாய் இல்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். கேட்டு முடித்ததும் கையை நீட்டித் தன்னைச் சுற்றியிருந்த தரையைத் தடவிப் பார்த்தான், முன்னால், பின்னால், இரண்டு பக்கமும்.

அவனைத் தூக்கி நிறுத்தினாள். காலையில் கையை வீசி நடந்தவன் இப்போது அவள் மேல்கையை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டான். நகம் பதிந்தது. வலித்தது. கைத்தடியைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தாள். அதை வாங்கக்கூட ஒரு கையை விட மாட்டேன் என்றான்.

"இங்க என்ன இருக்கு?"

"மண்ணு. கொஞ்சம் கல்லு."

"இங்க?"

"இரும்புப் பலகை. லாரிக்குப் போட்டிருக்காங்க."

வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார்கள். கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் அகலமான நடைபாதை, வழவழவென்று கல் பதித்தது. ஆபீஸிலிருந்து சாப்பிடப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். அண்ணன் நின்றுவிட்டான். ஒரு எட்டு எடுக்கவில்லை.

"வாண்ணே. சமமான தரை. ஒண்ணுமே இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமாண்ணே. அம்மா மேல சத்தியமா."

அண்ணன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு அவள் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, அத்தனை பேர் நடுவில், மெதுவாகக் குந்தினான். இன்னொரு கையை நீட்டி, முன்னாலிருந்த கல்லை உள்ளங்கையால் தொட்டு, அழுத்திப் பார்த்தான். அதற்கடுத்த கல்லையும் அழுத்திப் பார்த்தான். அப்புறம்தான் எழுந்து காலை எடுத்து வைத்தான்.